கண் பட்டதா, கை பட்டதா?

ஒட்டும் உறவும் – 11

எனக்கு எட்டு வயது இருக்கும்போது மெட்ராஸ் ஐ வந்தது. ஒரு நாள் காலையில் இமைகள் இரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டு திறக்கவே வரவில்லை. கண் அவிந்துபோய்விட்டது என்று நினைத்து அலறினேன். மேலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அப்போது வைத்தியர் என்று இருந்தது அப்பத்தாதான். வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கொண்டுவந்து துடைத்துவிட்டாள். துடைக்கும்போது முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “ஏய்யா, என்னையப் பாக்காத. அங்கிட்டுத் திரும்பிக்க” என்றாள். எப்படித் திரும்புவது? என் தாடை அவள் கையில் இருந்தது.

பஞ்சு தீர்ந்ததும் முந்தானையை எடுத்தாள். ஓரத்தைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, என் கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். ஈர விறகு புகைந்து கண் கரித்தபோது அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க என் முகத்தை அவள் ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதில் அவ்வளவு கறார்.

போன வாரம் வாந்தி, பேதி தரும் நோரோ வைரஸ் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்டன. பேருந்துக் கம்பி, ஏ.டி.எம். பொத்தான், லிஃப்ட் கதவு, ஓட்டல் தண்ணீர் ஜக்கு, சில்லறைக் காசு – எதைத்தான் தொடுவது, எதை விடுவது? ஒரு வாசகி வீட்டுச் சாவிக்கொத்தைத் தினமும் கிருமிநாசினியில் ஊறப்போடுவதாக எழுதியிருந்தார். அவருக்குப் பதிலாக இந்த வாரம் முழுவதையும் மெட்ராஸ் ஐக்குக் கொடுத்துவிடுகிறேன். ஒருவர் தொட்ட பொருள் வழியாக இன்னொருவருக்கு நோய் போவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வியாதி நம் ஊரில் இல்லை. இந்த அளவுக்குத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இல்லை.

“மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும்.” இதை நம்பாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. இயற்பியலில் முதுகலை படித்த என் மைத்துனர் நம்புகிறார். ஒளிக்கற்றையில் ஏறி வைரஸ் எப்படி மாமா வரும் என்று கேட்டால், “வராதுதான். எதுக்கு வம்பு?” என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டும் கட்டுகிற வீட்டுக்குப் பூசணிக்காயும் வைத்துப் பார்வையைத் தடுப்பவர்கள். கண்ணில் வரும் நோய் கண் வழியாகத்தான் வரும் என்று நினைப்பது நமக்கு இயல்பு.

நம்பிக்கை நிலைத்ததற்கு அனுபவமும் ஒரு காரணம். பார்த்தவர்களுக்கு வந்தது உண்மைதான். ஒரே வீட்டில், ஒரே வகுப்பில், ஒரே கல்யாண மண்டபத்தில் அருகருகே இருந்தவர்கள்தானே பார்த்தவர்கள்? அவர்கள்தான் அதே துண்டை எடுத்தார்கள், அதே சொம்பைத் தூக்கினார்கள், அதே தலையணையில் மத்தியானம் சாய்ந்தார்கள். பார்வை நினைவில் நின்றது. துண்டு நினைவில் நிற்கவில்லை. எங்கள் சித்தியின் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தங்கை எல்லாப் படத்திலும் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிறாள். மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக மாட்டிவிட்ட கண்ணாடி. சந்தனக் கும்பாவையும் குங்குமச் சிமிழையும் நீட்டியபடி மண்டபம் முழுக்கச் சுற்றிவந்தவளும் அவள்தான்.

கறுப்புக் கண்ணாடியை முழுதாகக் கேலி செய்துவிடவும் முடியாது. வெளிச்சம் கூசாமல் இருக்க அது உதவும். அதைவிட முக்கியம், கண்ணைக் கசக்கப் போகிற விரல் கண்ணாடியில் முட்டி நின்றுவிடும். போட்டதற்குச் சொன்ன காரணம் தப்பு, கிடைத்த பலன் சரி.

1918-இல் சென்னையில் பரவியபோது அடையாளம் கண்டதால் மெட்ராஸ் ஐ என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். சென்னைக்கு முன்பே உலகில் பல ஊர்களில் இருந்த நோய்தான். 1819-இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை இங்கே இருந்தது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. நோயைப் பார்த்து எழுதிவைக்க ஆள் இருந்த ஊரின் பெயர் நோயோடு ஒட்டிக்கொள்வது மருத்துவ உலகில் புதிதல்ல. 1969-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ரத்தச் சிவப்பாகக் கண்ணை மாற்றும் ஒரு வகை பரவியது. மனிதன் நிலவில் இறங்கிய வருடம் என்பதால் அங்கே அதற்கு அப்போலோ 11 நோய் என்று பெயர். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்துகொண்டிருந்த நேரத்தில் கல்கத்தாவில் அதே போன்ற கண்நோய் பரவ, அங்கே அகதிகளின் விடுதலை முழக்கத்தாலேயே ‘ஜெய் பங்களா’ என்று கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டால் யாரைக் குற்றம் சொல்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். நாம் நம் தலைநகரையே சொல்லிக்கொண்டோம்.

பெயர் ஒன்றானாலும் ஆட்கள் பலர். முக்கியமானது அடினோ வைரஸ். தொண்டைக்கு மேலே இருக்கும் அடினாய்டு சதையில் 1953-இல் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். கானாவில் வந்தது என்டெரோ வைரஸ் 70. காக்சாக்கி ஏ24 என்று இன்னொன்றும் உண்டு. அடினோ உள்ளே நுழைந்து கண் சிவக்க ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். மற்ற இரண்டும் ஒன்றிரண்டு நாளிலேயே வேலையைக் காட்டிவிடும். திங்கட்கிழமை ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால் வெள்ளிக்கிழமை பாதி வகுப்பு காலியாவது இப்படித்தான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் தினமும் நாலாயிரம் பேருக்கு மேல் மெட்ராஸ் ஐயால் பாதிக்கப்படுவதாகச் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்னார். மருத்துவமனைக்கு வந்தவர்கள்தான் கணக்கில் வருவார்கள். வீட்டில் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தவர்களை யார் எண்ணினார்கள்?

வைரஸ் கண்ணீரிலும் பீளையிலும் இருக்கிறது. அங்கிருந்து இன்னொரு கண்ணுக்குப் போக அதற்கு ஒரு வாகனம் வேண்டும். 1996-இல் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சிலர் அடினோ வகைக் கண்நோயோடு வந்த 26 பேரின் கைகளைப் பஞ்சால் துடைத்துச் சோதித்தார்கள். 12 பேரின் கையில் உயிருள்ள வைரஸ் இருந்தது. கை கழுவச் சொல்வதைத் தாண்டி, நோயாளியோடு கைகுலுக்கலாமா என்ற கேள்வியையே அந்தக் கட்டுரை எழுப்பியது. கண்ணைத் துடைத்த கை கதவைத் திறக்கும், பணம் கொடுக்கும், மேசையில் ஊன்றும்.

அந்த மேசையைத் தொட்ட நம் கை எங்கே போகிறது? சிட்னியில் மருத்துவ மாணவர்கள் 26 பேர் வகுப்பில் உட்கார்ந்திருந்ததைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. ஒரு மணி நேரத்தில் ஒருவர் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டிருந்தார். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தடவைகள் வாய், மூக்கு, கண் என்று ஈரமான இடங்களில். கிருமியைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகளின் கணக்கு இது.

நம் ஊரில் எண்ணினால் கண்ணுக்கென்று ஒரு தனிக் கணக்கு வைக்க வேண்டியிருக்கும். நமக்குக் கண் வெறும் உறுப்பில்லை, மரியாதை செலுத்துகிற இடம். கற்பூரத் தட்டு வந்தால் சுடரின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். காலையில் கடை திறந்ததும் போணியாகும் முதல் ரூபாய் நோட்டைக் கடைக்காரர் இரண்டு கண்ணிலும் ஒற்றித்தான் கல்லாவில் போடுவார். ஆயுத பூசையில் ஸ்டியரிங்கைத் தொட்டு ஒற்றிக்கொள்கிற ஓட்டுநர், தாலிச் சரட்டை ஒற்றிக்கொள்கிற பெண், பேரனின் முதல் சம்பளக் கவரை ஒற்றிக்கொள்கிற தாத்தா. எது நமக்கு உயர்ந்ததோ அது கண்ணுக்குப் போகிறது. இந்தப் பழக்கத்தை விடச் சொல்கிற தைரியம் எனக்கில்லை, விட வேண்டும் என்றும் தோன்றவில்லை. போணி நோட்டு எத்தனை கை மாறி வந்தது என்று மட்டும், மெட்ராஸ் ஐ பரவுகிற மாதத்தில், கடைக்காரர் ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை கை என்பதற்கு ஒரு நல்ல பரிசோதனை உண்டு. அரிசோனா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கெர்பா, பொது இடத்துக் கிருமிகளையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். மனிதர்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் ஒரு வைரஸை எடுத்து, அலுவலகம் போன்ற கட்டடங்களில் காலையில் ஒரே ஒரு கதவுக் குமிழிலோ மேசையிலோ தடவிவைத்தார். இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் அது அங்கே வேலை செய்தவர்கள், வந்துபோனவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேரிடமும் அவர்கள் வழக்கமாகத் தொடும் பொருட்களிலும் போய்ச் சேர்ந்திருந்தது. விளக்கு சுவிட்சு, குழாய்ப் பிடி, காபிப் பாத்திரத்தின் கைப்பிடி என்று எல்லாம். 2014-இல் வாஷிங்டனில் ஒரு மாநாட்டில் இதை வாசித்தார். செய்தித்தாள்களுக்கு நல்ல தீனி. அதைப் படித்தவர்கள் சாவிக்கொத்தை ஊறப்போட்டதில் வியப்பில்லை.

ஆனால் கெர்பா காட்டியது வைரஸ் போய்ச் சேரும் என்பதை. போய்ச் சேர்ந்த இடத்தில் நோயாக மாறுமா என்பது வேறு கேள்வி. இந்த இடத்தில் நாம் ஒரு முறை நன்றாக ஏமாந்திருக்கிறோம். 2020 மார்ச்சில் ஓர் ஆய்வுக்கூடக் கட்டுரை வந்தது. புதிய கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம் வரை, அட்டைப் பெட்டியில் ஒரு நாள் வரை தாக்குப்பிடிக்கும் என்றது. பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டியதும் காய்கறியை மஞ்சள் தண்ணீரில் முக்கியதும் செய்தித்தாளை இஸ்திரி போட்டதும் நினைவிருக்கிறதா? அந்த ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் உழவர் சந்தை வாசலில் மருந்து தெளிக்கும் சுரங்கப் பாதை வைத்து ஆட்களையே நனைத்து உள்ளே அனுப்பினார்கள். வேறு ஊர்களும் பார்த்துச் செய்தன. ஆளின் மேல் தெளிப்பதால் பயன் இல்லை, தீங்குதான் என்று அரசே சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது. அந்த ஜூலையில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் இமானுவேல் கோல்ட்மன், ஆய்வுக்கூடத்தில் வைக்கும் அளவு வைரஸ் நிஜ வாழ்க்கையில் எந்த மேசையிலும் இருக்காது என்று எழுதினார். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், வைரஸ் பட்ட ஒரு பரப்பைத் தொட்டுக் கொரோனா வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குச் சொன்னது. காற்றில் வந்த நோய்க்கு நாம் பால் பாக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

கொரோனாவுக்கும் மெட்ராஸ் ஐக்கும் உடுப்பில் வித்தியாசம் இருக்கிறது. கொரோனா கொழுப்பாலான ஒரு சட்டையை மேலே போட்டிருக்கிறது. இன்ஃப்ளுயன்சாவும் அப்படித்தான். சோப்பு பட்டால் அந்தச் சட்டை கரையும், காய்ந்தால் நைந்துபோகும். சட்டை போனால் உயிரணுவுக்குள் நுழையும் சாவியும் போயிற்று. அடினோவுக்குச் சட்டையே கிடையாது. இருபது முகம் கொண்ட புரதக் கூடுதான் அதன் உடம்பு. காய்ந்த நிலையில் பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் ஒரு மாதத்துக்கு மேலும் அது பிழைத்திருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். கைக்குத் தேய்த்துக்கொள்ளும் சானிடைசரை அது பெரிதாக மதிப்பதில்லை. சோப்பும் அதைக் கொல்லாது. தண்ணீரோடு சேர்த்து விரலிலிருந்து வழித்துக் கழிவுநீரில் தள்ளிவிடும், அவ்வளவுதான். அது போதும். மனிதரில் குளிருக்குச் சட்டை போடாதவன்தான் திடகாத்திரம் என்று சொல்வதுபோல வைரஸிலும்.

இதை ஒரு சட்டமாக எடுத்துக்கொண்டால் இடறும். சாதாரண ஜலதோஷத்தின் ரைனோ வைரஸும் சட்டை இல்லாததுதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலியட் டிக் என்பவர் அதை வைத்து ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஜலதோஷம் முற்றியவர்களையும் நல்ல உடம்புக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பன்னிரண்டு மணி நேரம் சீட்டாடவிட்டார். நல்ல உடம்புக்காரர்களில் பாதிப் பேருக்குக் கை முகத்துக்குப் போகாதபடி முழங்கையில் கட்டையோ கழுத்தில் பெரிய பட்டையோ மாட்டிவிட்டார். கை கட்டப்பட்டவர்களுக்கும் கட்டப்படாதவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஜலதோஷம் பிடித்தது. அதோடு விடவில்லை. மூக்குச்சளியில் ஊறிப் பிசுபிசுத்த சீட்டுகளையும் பென்சில்களையும் அப்படியே வேறு அறைக்கு அனுப்பி, அங்கே இருந்த பன்னிரண்டு பேரை அதே நேரம் ஆடச் சொல்லி, மூக்கையும் கண்ணையும் நிறையத் தொடுங்கள் என்றும் சொல்லிவைத்தார். ஒருவருக்கும் வரவில்லை. 1987-இல் வெளிவந்த இந்தக் கட்டுரையை நினைக்கும்போதெல்லாம், அந்தப் பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

ஆகவே பொருள் என்றாலே பயம் என்று இல்லை. எந்த வைரஸ், எவ்வளவு, எவ்வளவு ஈரமாக, எவ்வளவு சீக்கிரம், உடம்பின் எந்த வாசலுக்கு – இத்தனையும் ஒத்துவர வேண்டும். மெட்ராஸ் ஐயில் இத்தனையும் ஒத்துவருகிற பொருட்கள் பேருந்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கின்றன. குளியலறைக் கொடியில் தொங்கும் ஒரே துண்டு. தலையணை உறை. அக்கா தங்கை மூன்று பேரும் ஒரே விரலால் தொட்டு இட்டுக்கொள்ளும் மை டப்பா. முடிதிருத்தும் கடையில் முகம் துடைத்துவிடும் துண்டு. எல்லாமே நேராகக் கண்ணுக்குப் போகிறவை, நெருக்கமானவர்கள் பகிர்ந்துகொள்கிறவை.

இன்னொரு இடத்தைச் சொன்னால் கண் மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களே எழுதிவைத்திருப்பதுதான். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1941, 42 வாக்கில், ஹவாயிலும் பிறகு சான் பிரான்சிஸ்கோவிலும் கப்பல் கட்டும் தளங்களில் கண்நோய் பெரிதாகப் பரவியது. கப்பல்தளக் கண் என்றே பெயர் வைத்தார்கள். இரும்புத் தூசி கண்ணில் விழுந்த தொழிலாளி தளத்திலேயே இருந்த மருத்துவ அறைக்குப் போவார். முந்தைய ஆளின் கண்ணைத் தொட்ட கையும் கருவியும் இவர் கண்ணைத் தொடும். தூசியோடு போனவர் வைரஸோடு திரும்புவார். அந்த வகை அடினோ வைரஸை 1955-இல்தான் பிரித்தெடுத்தார்கள். நோய் பரவும் வழி புரிந்த பிறகும் கதை முடியவில்லை. 2008 முதல் 2010 வரை அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் கண் மருத்துவ நிலையங்கள் வழியாகவே இது பரவியதை அவர்களுடைய நோய்த் தடுப்பு மையம் பதிவுசெய்திருக்கிறது. கண் அழுத்தம் பார்க்கும் கருவியின் நுனி, சொட்டு மருந்துப் புட்டியின் மூக்கு, மருத்துவரின் விரல்.

சொட்டு மருந்துப் புட்டி என்றதும் எனக்குத் திருச்சி விடுதி நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வராந்தாவில் முதலில் கண் சிவந்தவன் மருந்துக் கடையில் கேட்டு ஒரு புட்டி வாங்கிவந்தான். அதை ஜன்னல் திட்டில் வைத்தோம், பொதுச் சொத்து. எங்களில் ஒருவனுக்கு டாக்டர் என்று பட்டப்பெயர். விலங்கியல் படித்தான் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. தினமும் மூன்று வேளையும் கட்டில் கட்டிலாக வருவான். ஒரு விரலால் கீழ் இமையை இழுப்பான், புட்டியின் மூக்கை இமையில் லேசாக ஊன்றிக்கொண்டு அழுத்துவான். கை ஆடாமல் இருக்க அப்படி ஊன்றுவதுதான் முறை என்று எங்களுக்கு விளக்கம் வேறு சொன்னான். வராமல் தடுக்க என்று நல்ல கண்ணோடு இருந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு. மூன்றாம் நாள் வராந்தாவில் சிவக்காத கண் ஒன்றுதான் இருந்தது. சொட்டு மருந்துக்குப் பயந்து அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்ட கும்பகோணத்துப் பையன்.

அந்தப் புட்டியில் இருந்த மருந்துக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. நுண்ணுயிர்க் கொல்லிச் சொட்டுகள் பாக்டீரியாவுக்கானவை. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தானாகவே தணியும். கடையில் சொல்லி வாங்கும் சில சொட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு சட்டென்று குறைந்ததும் கைராசியான மருந்து என்று பேர் வாங்கிவிடும், உள்ளே வைரஸ் இன்னும் நிம்மதியாகத் தங்கும். கருவிழியில் புள்ளி புள்ளியாகத் தழும்பு விழுந்து மாதக்கணக்கில் வெளிச்சம் கூசுகிறவர்களும் உண்டு. வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி, துண்டும் தலையணையும் தனி, சொட்டு மருந்து தனி, சோப்பு போட்டுக் கை கழுவுவது, சிவப்பும் நீர் வடிவதும் நிற்கும்வரை பள்ளிக்கும் வேலைக்கும் விடுப்பு. சாவிக்கொத்து வாசகிக்கு: சாவியை விட்டுவிடுங்கள் அம்மா. வீட்டுக் கொடியில் எத்தனை பேருக்கு எத்தனை துண்டு தொங்குகிறது என்று ஒரு தடவை எண்ணுங்கள்.

மேலூரில் இரண்டாம் நாள் காலை அப்பத்தா எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து, ஒட்டிய இமைகளை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் யார் யாருக்குக் கண்வலி என்று அம்மாவிடம் ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். தண்ணீர்க் குழாயடியில் யாரைப் பார்த்தோம், ரேஷன் கடை வரிசையில் யார் முன்னால் நின்றார்கள் என்று வெகுநேரம் யோசித்தாள்.

“நான் யாரையும் பாக்கலியேடி” என்றாள்.

(தொடரும்)